பனையடியில் இறக்கிய பாடை

ஓடுகிறோம். ஏரிக்கரை மேல் ஊர்க்கூட்டம் முழுதும் ஓடுகிறது. பைபாஸில் லாரி போவது மாதிரி காதுக்குள் இரைச்சல். எனக்கு முன்னால் ஒருவர் துண்டைச் சுழற்றி அடிக்கிறார். அடிக்க அடிக்க அவர் தலையில்தான் கதண்டு அதிகம் உட்காருகிறது.

"கைய வீசாதீங்க! மூஞ்ச மூடிக்கினு ஓடுங்க!"

கத்துகிறேன். யாரும் கேட்கவில்லை. பின்னால் பாடையில் அம்மா கிடக்கிறாள். அம்மாவைப் போட்டுவிட்டு ஓடுகிறோம்.

கார்த்திகை மாதம். வியாழக்கிழமை சாயங்காலம். கெடார் பக்கம் எங்கள் ஊர். சுடுகாட்டுக்கு ஏரிக்கரைதான் வழி. கரையில் ஒற்றைப் பனை. அதன் உச்சியில் கதண்டுக் கூடு, ஒரு சாணிக்கூடை அளவு. கதண்டு சாதாரணக் குளவி இல்லை. மாட்டையே சாய்த்துவிடும். ஊருக்கே தெரியும். அதனால் புறப்படும்போதே பேசிக்கொண்டோம். பனைக்கு முன்பே மேளம் நிற்க வேண்டும். வெடி கூடாது. அக்கா புருஷன் திண்டிவனத்திலிருந்து வெடிக்கட்டோடு வந்திருந்தார். மாமியார் சாவுக்கு மருமகன் வெடி போடாவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று குறைப்பட்டார். பிறகு ஒத்துக்கொண்டார். பனை நெருங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். செருப்புச் சத்தம்தான் கேட்டது.

சத்தத்துக்குத்தான் பயந்தோம். புகையை நினைக்கவே இல்லை. கொள்ளிச்சட்டியை எங்கள் ஊரில் யாரும் நெருப்பாக எண்ணுவதில்லை. அது சாவுக்கு வேண்டிய சாமான்களில் ஒன்று.

தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி. சட்டி என் தம்பி ஏழுமலை கையில். கூட்டேரிப்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முப்பத்தொரு வயது. கொள்ளி வைக்கிறவனுக்குச் சட்டை கிடையாது. துண்டும் கிடையாது. மொட்டையடித்த தலை, ஈர வேட்டி, அவ்வளவுதான். பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவது வழக்கம். காலங்காலமாக அது பனையடியில்தான். ஒரு நாளைக்குத் தள்ளிப் போய் இறக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இறக்கினோம். காற்று நின்றிருந்தது. சட்டியிலிருந்து வரட்டிப் புகை நேராக மேலே போனது.

முதலில் ஒரு கதண்டு வந்தது. பிறகு கூடு மொத்தமும் இரைந்தது.

ஓடியவன் திரும்பிப் பார்க்கிறேன். தம்பி ஓடவில்லை. சட்டியைப் பிடித்தபடி நிற்கிறான். தோளும் முதுகும் கறுத்துக் கிடக்கின்றன. எல்லாம் கதண்டு.

"சட்டியப் போட்டுட்டு ஓடியாடா!"

"அம்மா நெருப்புண்ணா. எப்டிப் போடறது?"

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் வருகிறது. செத்தவளின் நெருப்புக்காக உயிரோடு இருப்பவன் சாக வேண்டுமா? திரும்பி ஓடினேன். சட்டியைத் தட்டிவிட்டேன். உடைந்தது. அவனை மூட, போட்டிருந்த சட்டையைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. அம்மா மேல் பிறந்த வீட்டார் போட்ட கோடிச் சேலைகள் இருந்தன. பிணத்தின் மேல் போட்டதை எடுக்கக் கூடாது என்பார்கள். எடுத்தேன். எல்லாவற்றையும் உருவினேன். அவனைக் கீழே தள்ளிப் போர்த்தி, ஓரங்களை முழங்காலால் அமுக்கிக்கொண்டு நானும் உள்ளே கிடந்தேன். துணி மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம். கண் தெரியவில்லை என்றான். அசையாதே என்றேன். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் இரைச்சல் அடங்கியது.

ஆம்புலன்ஸ் கரைக்கு ஏற முடியாமல் ரோட்டிலேயே நின்றது. தோளில் தூக்கிப் போனேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கடிவாய்களை எண்ண ஆரம்பித்தார். ஐம்பதுக்கு மேல் எண்ணவில்லை. மறுநாள் மூத்திரம் கறுப்பாகப் போனது. அதற்கு மறுநாள் மூத்திரமே இல்லை. டாக்டர்கள் பாடுபட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டான்.

விதி என்று சொல்லிக்கொண்டு துக்கத்துக்கு வருகிறார்கள். விதி இல்லை. இதைப் படிக்கிறவர்கள் மறக்காதீர்கள். போகிற வழியில் கூடு இருந்தால் வழியை மாற்றுங்கள். வழி இல்லையென்றால் வழக்கத்தை மாற்றுங்கள். புகை வேண்டாம். சென்ட் வேண்டாம். கலைந்துவிட்டதா, அடிக்கக் கை ஓங்காதீர்கள். தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு கதவுள்ள இடத்துக்கு ஓடுங்கள். கையில் இருப்பது எதுவானாலும் கீழே போடுங்கள்.

அம்மா அன்று ராத்திரி வரை கரையிலேயே கிடந்தாள். கோடி இல்லாமல் எரித்தோம். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் திரும்பி வந்து கொள்ளி வைத்தேன். அடுத்து அவனுக்கும் நானே வைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

போனவற்றைச் சொல்கிறேன். அம்மா இதில் சேர்த்தி இல்லை. அவள் வயதாகிப் போனாள். மேளக்காரரின் இடது கண். கரையில் கட்டியிருந்த ஒரு கறவை மாடு. என் தம்பி ஏழுமலை.