கொசானுஃப் மேய்ச்சல் நிலம்

— கொஞ்சம் அசையாம நில்லுங்க அண்ணே, ஊசி குத்திடப் போகுது. உங்க கோட்டோட கை நீளத்தை இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கணும். லியோன் உங்களைவிட உசரம்.

— சரியாச் சொல்லணும்னா நாலு சென்டிமீட்டர் உசரம், ரெகினா. ஒரு தடவை விளையாட்டுக்குக் கதவு நிலையில நின்னு அளந்து பார்த்தோம்.

— செத்துப்போன மனுஷனையும் அளந்து வச்சிருக்கீங்க! நில அளவைக்காரர் புத்தி எங்க போகும்? சரி, கழட்டிக் கொடுங்க. உர்சுலா மத்தியானம் ராணுவப் படகுல வரேன்னிருக்கா. அப்பாவைப் புதைக்க ஒரு கறுப்புக் கோட்டுகூட இல்லையே அத்தைன்னு பால்கனிக்குக் கீழே படகுல நின்னுக்கிட்டு அழுதா பாருங்க, கேக்க முடியலை. அவர் வீட்டு அலமாரியே தண்ணிக்குள்ள கிடக்கு.

— ரெகினா, நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க, கைதானே தைக்குது, காது சும்மாத்தான் இருக்கு. ஆண்டவரே, இங்க வெளிச்சமே பத்தலை. ஜன்னல் பக்கம் வரேன். ஐய, அங்க பாருங்க! மூணாவது மாடிக்காரன் குழந்தைங்க குளிக்கிற ரப்பர் தொட்டியில உக்காந்து, பனி அள்ளுற மம்மட்டியால துடுப்புப் போட்டுக்கிட்டுப் போறான். சிகரெட் வாங்கப் போறானாம், கேட்டீங்களா?

— லியோனைக் கொன்னது நான்.

— என்ன பேச்சு இது! நாலு நாளா ரொட்டியும் ஊறப்போட்ட வெள்ளரிக்காயுமே தின்னு மூளை குழம்பிப் போச்சு உங்களுக்கு. நிலவறைக்கு இறங்கினது அவரு. பொத்துக்கிட்டு உள்ள வந்தது ஆறு. கதவைத் தண்ணி அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு, அந்த ஊனக் காலை வச்சுக்கிட்டு அவரால தள்ள முடியலை. இதுல நீங்க எங்க வந்தீங்க?

— ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் மண்மூட்டை அடுக்கிட்டு இருந்தோமே. அவன் ஸ்டூல்ல உக்காந்து மூட்டைக்குக் கயிறு கட்டிட்டு இருந்தான். அப்போ என்கிட்ட கேட்டான்: "வித்தோல்த், நீ அளந்த பேட்டை இது. நம்ம வாசல் வரைக்கும் தண்ணி வருமா?"

— நீங்க என்ன சொன்னீங்க?

— கணுக்காலுக்கு மேல வராதுன்னேன்.

— சரி, தப்புக் கணக்கு. யாருக்குத்தான் தெரிஞ்சுது? ரேடியோக்காரனே காலையில ஒண்ணு சொன்னான், மத்தியானம் ஒண்ணு சொன்னான்.

— தப்புக் கணக்கு இல்லைம்மா. ரெண்டு மீட்டர் வரைக்கும் வரும்னு எனக்குத் தெரியும்.

— தெரியும்னா?

— இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். எழுபத்தஞ்சுல இங்க ஒரு செங்கல் கிடையாது. ஒரு பக்கம் ஓடர் ஆறு, ஒரு பக்கம் ஸ்லென்சா ஆறு, நடுவுல வெறும் புல்லு. எங்க அலுவலகத்துல பழைய ஜெர்மன் வரைபடம் ஒண்ணு இருந்துச்சு. இந்த இடம் முழுக்க நீல நீலமாக் கோடு இழுத்திருந்தான். ஓரத்துல பொடி எழுத்துல உயரக் கணக்கு. வெள்ளம் வந்தா ஆறு கால் நீட்டிப் படுக்கிற இடம் இது. அதுக்குன்னே விட்டு வச்சிருந்தாங்க. மாடு மேயலாம், மனுஷன் குடியிருக்க முடியாது.

— அதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?

— மேலதிகாரிகிட்ட காட்டினேன். "போர்ல தோத்து ஜெர்மன்காரன் இந்த ஊரை விட்டுப் போய் முப்பது வருஷமாச்சு. அவன் கிறுக்கின கோடுகளுக்கு நாம ஏன் பயப்படணும்? இது இப்ப நம்ம மண்ணு"ன்னார்.

— அப்புறம்?

— புது வரைபடம் வரைஞ்சேன். நீலக் கோடுகள் இல்லாம. யாரும் என் கழுத்துல கத்தி வைக்கலை, ரெகினா. ஒரு தடவை சொன்னார், நான் தலையாட்டிட்டேன். கட்டடம் எழும்பினதும் வரிசையில நிக்காமலே எனக்கு இந்த எதிர்வீடு கிடைச்சுது.

— நாங்க பதினாலு வருஷம் காத்துக் கிடந்தோம். மாமியார் வீட்டுச் சமையல்கட்டுல கட்டில் போட்டு ரெண்டு பிள்ளை வளர்த்தேன்.

— அதை நீ சொல்லிக் கேட்டப்பவும் நான் வாயைத் திறக்கலை. ஞாயித்துக்கிழமையும் திறக்கலை. தண்ணி வரும்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். கேட்டா எல்லாம் வெளிய வந்துடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து கணுக்கால்னு சொன்னேன். அவன் சிரிச்சுட்டு, அப்போ மத்தியானச் சாப்பாடானதும் நிலவறையில கிடக்கிற பொண்டாட்டியோட தையல் மிஷினை மேல எடுத்து வச்சுடறேன்னு போனான். ஏசு. ரெண்டு அறை வை.

— நான் யாரு ஏச? இந்த நூல் வேற, அத்துக்கிட்டே இருக்கு.

— உர்சுலா வந்ததும் சொல்லிடப் போறேன்.

— வேணாம்!

— ஏன் கத்துற?

— வேணாம் அண்ணே. அந்தப் பொண்ணு தலையில இன்னொரு பாறாங்கல்லா? புதைச்சு முடியட்டும்.

— என் கோட்டுல அவனை மண்ணுக்குள்ள அனுப்பிட்டு, அப்புறமா சொல்லவா?

— சொல்லவே வேணாம்கிறேன். இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் எலும்புதான் வரும். அதோ, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு நடக்கிறோமே அந்தப் பூங்கா, அது என்ன? ஜெர்மன்காரங்க கல்லறைத் தோட்டம். தெரிஞ்சுதானே எல்லாரும் மேல நடக்கிறோம்? தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டிருந்தா இங்க ஒருத்தர் குடியிருக்க முடியுமா?

— உன் தையல் ஏன் இப்படிக் கோணலாப் போகுது?

— பசி.

— ரெகினா அத்தை! கதவு திறந்தே இருக்கு, வரலாமா?

— வா உர்சுலா, வா கண்ணு. பூட்ஸைக் கழட்டாத, தரையெல்லாம் எப்படியும் சேறுதான். ஒரு வாய் டீகூடக் கொடுக்க முடியலை, கேஸ் இல்லை.

— அதெல்லாம் வேணாம் அத்தை. படகுக்காரங்க கால் மணி நேரம்தான் நிப்பாங்களாம். வித்தோல்த் மாமா, உங்க நல்ல கோட்டைக் கொடுத்திருக்கீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

— நன்றி சொல்லாதேம்மா. உக்காரு.

— அண்ணே, வேணாம்!

— நீ சும்மா இரு, ரெகினா. உர்சுலா, ஞாயித்துக்கிழமை உங்கப்பா தண்ணி வருமான்னு என்கிட்ட கேட்டான். வராதுன்னு சொன்னேன். வரும்னு தெரிஞ்சே சொன்னேன். இந்தப் பேட்டையைக் காகிதத்துல வரைஞ்சப்பவே தெரியும். அப்பவும் மறைச்சேன், இப்பவும் மறைச்சேன்.

— ஏன் மாமா?

— பயம். வேற ஒரு காரணமும் கிடையாது.

— நிலவறைக்கு இறங்கறதுக்கு முன்னாடி அப்பா எனக்கு ஃபோன் பண்ணினார். கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பான்னு கெஞ்சினேன். "போடி பைத்தியம், வித்தோல்த்தே சொல்லிட்டான். அவன் வாயிலேருந்து ஒரு சென்டிமீட்டர்கூடத் தப்பா வந்ததில்லை"ன்னார்.

— அடிச்சுடும்மா என்னை.

— அடிச்சா எந்திரிச்சு வருவாரா? இந்தக் கோட்டு வேணாம். ராணுவத்துக்காரங்ககிட்ட ஒரு போர்வை கேட்டு அதுல சுத்திப் புதைச்சுக்கிறேன்.

— கண்ணு, ஆத்திரத்துல முடிவு பண்ணாத. உங்கப்பா உசரத்துக்குத் தகுந்தமாதிரி இறக்கித் தைச்சிருக்கேன்.

— அதுக்காகத்தான் அத்தை யோசிக்கிறேன். நீங்க தைச்சதாச்சே. எங்களுக்கு முதல்ல ஒதுக்கினது இப்ப நீங்க இருக்கிற இந்த நாலாவது மாடி வீட்டைத்தான். கால் சரியில்லாதவர் தினம் எப்படி ஏறுவார்னு நாங்க கேக்காமலே நீங்களா வந்து, உங்களுக்கு ஒதுக்கின கீழ்வீட்டை எங்களுக்கு மாத்திக் கொடுத்தீங்க. லிஃப்ட் இல்லாத கட்டடத்துல யாரு செய்வா இதை? "இந்தக் கொசானுஃப் பேட்டையிலேயே ஒரே ஒரு நல்ல மனசு அதுதான்"னு அப்பா சொல்லாத நாள் கிடையாது. வருஷா வருஷம் உங்க பேருக்குரிய புனிதரோட திருநாள் அன்னிக்கு ரோஜாப்பூவைத் தூக்கிக்கிட்டு, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறி வருவாரே. தாங்க அத்தை, கொடுங்க. உங்களுக்காக வாங்கிக்கிறேன்.

— உக்காரு, உர்சுலா.

— படகு கிளம்பிடும்.

— நிக்கட்டும். நாற்பத்தாறுல எங்கப்பாவுக்கு இங்கேயிருந்து கூப்பிடு தூரத்துல ஒரு வீடு கொடுத்தாங்க. அந்த வீட்டுச் சொந்தக்காரி, ஜெர்மன்காரி, அவளை அப்போ இன்னும் ஜெர்மனிக்கு ரயில் ஏத்தி அனுப்பலை. எட்டு மாசம் ஒரே அடுப்புல ரெண்டு குடும்பமும் சமைச்சோம். எனக்கு ஏழு வயசு. ஒருநாள் அவ என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் மாட்டுக்கொட்டகைச் சுவரைக் காட்டினா. எப்பவோ வந்த வெள்ளத்தோட கறை, என் தலைக்கு மேல இருந்துச்சு. கறையைத் தொட்டா, இந்தப் புல்வெளிப் பக்கம் கை நீட்டினா, வேணாம் வேணாம்னு தலையை ஆட்டினா. பாஷை புரியலை. விஷயம் புரிஞ்சுது.

— எனக்குப் புரியலையே அத்தை.

— கீழ்வீட்டுச் சாவியை என் கையில கொடுத்தன்னிக்கு அந்தக் கறைதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு, கண்ணு. உங்கப்பாவோட கால் இல்லை.