ஸ்வர்ணா அக்காவுக்கு இன்னும் ஒரு கரண்டி

தாய்லாந்துக்காரர்களுக்குச் சோறு வடிக்கத் தெரிகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தால் பருக்கை பருக்கையாக, பூ மணத்தோடு இருக்கும். பெங்களூரில் எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில் நான் வடித்த சோறு ஸ்வர்ணா அக்காவுக்கு ஒன்று குழைந்திருக்கும், இல்லாவிட்டால் விறைத்திருக்கும். இந்திராநகரில் அந்த ஓட்டலில் முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே, "சாதம்னா இது சாதம், ருக்கு" என்றாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றுதானே பிறகும் அடிக்கடி அழைத்துப் போனேன்.

நடந்ததைக் கேட்க வந்திருக்கிறீர்கள். சௌகரியமாகச் சாய்ந்து உட்காருங்கள். காபி ஆறிவிடும், நடுநடுவே குடித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற மாதிரி எதுவும் செய்யவுமில்லை. பரிமாறினேன், அவ்வளவுதான்.

ஸ்வர்ணா அக்கா என் கணவர் ஸ்ரீகண்டனின் மூத்த சகோதரி. சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். விதான சௌதாவில், அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து, பெரிய பதவியில் ஓய்வு பெற்றாள். நான் மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தபோது சமையலறையில் அவளுடைய சட்டங்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தன. பேக்கரிக்குப் போனால் முட்டை இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்பாள், மூன்றாவது தரமும் நம்ப மாட்டாள். தெருவில் மீன்காரன் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். ஆபீஸில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இவள் கையில் இவளுடைய தண்ணீர்க் கூஜா இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. நியமம் உள்ளவர்களோடு வாழ்வது சுலபம். எதைச் செய்தால் வலிக்கும் என்று அவர்களே சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஸ்ரீஹர்ஷா ஹெப்பகோடி பக்கம் அபார்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டான், மாதம் ஒரு தடவை வருவான். மகள் ஸ்னேஹா இதே ஊரில், லிங்கராஜபுரத்தில் இருக்கிறாள். பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவள் இந்த வீட்டு வாசல்படியை மிதித்துப் பல வருஷமாகிறது. அவள் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது. நான் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஸ்னேஹா தன்னோடு வேலை பார்த்த டென்சிலைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். தமிழ்ப் பையன்தான், கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நாள் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பிள்ளை. செருப்பை வெளியே விட்டு, காலை அலம்பிக்கொண்டு, கையில் ஒரு கேக்கோடு உள்ளே வந்தான்.

அக்கா கேட்டாள்: "முட்டை போட்டதா?"

"ஆமா ஆன்ட்டி. எங்கம்மா வீட்ல பண்ணது."

"உங்காத்துல மீனெல்லாம் சாப்பிடுவேளோ?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஆன்ட்டி. மத்த நாள்ல எங்க டைம் இருக்கு!" என்று சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

அரிசி மாவில் நான் தட்டிய அக்கி ரொட்டியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் போன பிறகு அக்கா தம்பியைப் பார்த்து, "இந்தப் பிள்ளை மறுபடி இந்த ஆத்துல காலை வெச்சா நான் இங்கே ஜலம் குடிக்க மாட்டேன்" என்றாள். என் கணவர் அக்கா சொல்லைத் தாண்டியதில்லை. ஸ்னேஹா ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

டென்சில் சாப்பிட்ட தட்டை அன்று சாயங்காலமே பாத்திரம் தேய்க்க வந்த வள்ளியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, நல்ல தட்டாச்சே, எதுக்குத் தர்றீங்க?" என்று அவள் கேட்டாள். அக்கா தட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாதா? சொல்வதற்கு முன்பே செய்துவிடுவது என் வழக்கம்.

என் கணவர் போன அன்று ஸ்னேஹா வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். டென்சில் எதிர் பிளாட்பாரத்தில் ஸ்கூட்டரோடு நின்றான். அக்கா அழுதுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் அவர்களும் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் அக்காவை எனக்கு மன்னிக்க முடியாமல் போயிற்று.

பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகள் மட்டும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு நாக்கில் ருசி போய்விட்டது. ரசம் வைத்தால் வெந்நீர் என்பாள், கூட்டு வைத்தால் மண் என்பாள். உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. அப்போதுதான் ஸ்ரீஹர்ஷா தன் பிறந்தநாளுக்கு எங்களை அந்தத் தாய்லாந்து ஓட்டலுக்கு அழைத்துப் போனான். காய்கறிச் சாப்பாடு தனியாக உண்டு என்று அவன் மூன்று தரம் சொன்ன பிறகுதான் அக்கா கிளம்பினாள்.

அங்கே ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு சாப்பாடு என்று கிடையாது. எல்லாக் கிண்ணங்களையும் நடுவில் வைத்துவிடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். "பரவாயில்லையே, எச்சில் பார்க்கத் தெரிஞ்சவா" என்று அக்கா மெச்சிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெனுவில் காய்கறிக் குழம்பு ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். தேங்காய்ப்பால், கத்தரிக்காய், டோஃபு. பிறகு கை அலம்ப எழுந்து போனாள். அவள் கை அலம்பினால் சாமானியத்தில் முடியாது. ஸ்ரீஹர்ஷா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போயிருந்தான்.

பரிமாறுகிற பையன் தினேஷ் குனிந்து கேட்டான். ஈஜிபுராவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன், நம் பாஷைதான்.

"மேடம், சுத்த வெஜ்ஜா பண்ணணுமா? ஏன்னா காய் போட்ட குழம்புல கூட எங்க மசாலால எறா அரைச்சிருக்கும். மேல மீன் சாஸும் ஊத்துவோம். நீங்க சொன்னா வேற மசாலா போட்டு, சோயா ஊத்திப் பண்ணித் தர்றோம். டேஸ்ட் கொஞ்சம் கம்மியா இருக்கும்."

நான் யோசித்தேன். ருசி போய் இளைத்திருக்கிற மனுஷி. டேஸ்ட் கம்மியாக இருக்கும் என்கிறான்.

"எப்பவும் போல பண்ணுப்பா" என்றேன்.

"உங்களுக்கும் அதானா?"

"எனக்கு வேண்டாம். வயிறு சரியில்லை. சாதமும் எலுமிச்சம்பழமும் போதும்."

நான் செய்தது அவ்வளவுதான். யார் மேலும் கை வைக்கவில்லை, எதிலும் எதையும் கலக்கவில்லை. அக்கா திரும்பி வந்து, "ருக்கு, நன்னா விசாரிச்சியா?" என்று கேட்டாள். "விசாரிச்சேன் அக்கா" என்றேன். விசாரித்தது உண்மை. பொய் சொல்லுவது எனக்குப் பிடிக்காது.

அவள் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் வாய்க்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டாள். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த நாக்கு எழுந்துவிட்டது. "என்ன போடறான் இதுல? ஒரு ஆழம் இருக்கே!" என்றாள். "இன்னும் ஒரு கரண்டி, அக்கா" என்று நானே எடுத்து ஊற்றினேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். ஸ்ரீஹர்ஷா வேறு ஏதோ தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவன் வெளியே என்னென்ன சாப்பிடுகிறான் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும், மெட்ரோவில். விதான சௌதா ஸ்டேஷன் வந்தால், "இதுக்கு மேலதான் என் ஆபீஸ்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்லுவாள். ஏகாதசி பட்டினி இருந்து, மறுநாள் காலை அகத்திக்கீரையோடு பாரணை முடித்து, மத்தியானமே "கிளம்பு ருக்கு" என்ற நாள்கூட உண்டு. தினேஷ் எங்களைக் கண்டதும், "அதே மாதிரிதானே?" என்பான். நானும் "அதே மாதிரிதான்" என்பேன். ஒரு நாள் அவன் அக்காவுக்கு அருகிலேயே நின்று, "பாட்டிக்கு மீன் சாஸ் ரொம்பப் புடிச்சுப்போச்சு போல" என்றான். நல்ல வேளை, அது இடது பக்கம். அக்காவுக்கு வலது காதுதான் கேட்கும்.

"என்ன சொல்றான்?"

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"சமத்து" என்றாள்.

அவள் முகத்தில் சதை வைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நாத்தனாரை இப்படி வைத்துக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்றார்கள். நானும் அவளை எதிரே உட்கார வைத்து, அவள் ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக என் வெறும் சோற்றை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

ஒரு சங்கடம் வந்தது. ஒரு நாள் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு குடும்பம், பாதிப் பேர் தட்டில் நண்டு, பாதிப் பேர் தட்டில் கீரை.

"ருக்கு, எல்லாரும் ஒரே மேஜைல உட்கார்ந்து சாப்பிடறா. ஒண்ணும் ஆகலையே. ஸ்னேஹாவையும் அந்தப் பிள்ளையையும் ஒரு நாள் இங்கே வரச் சொல்லேன். அப்புறம் ஆத்துக்கும் கூட்டிண்டு போலாம். நான் அப்போ ரொம்பப் படுத்திட்டேன். அவாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"பார்க்கலாம் அக்கா" என்றேன்.

வயதானவர்கள் வயிறு நிறைந்த நேரத்தில் ஏதோ சொல்லுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உடனே ஓட முடியுமா? மறுபடி கேட்டாள், "சொன்னியாடி?" என்று. இன்னொரு தரமும் கேட்டாள். "சொன்னேன் அக்கா. அவா வர மாட்டேன்னுட்டா" என்றேன். இது ஒன்றுதான் நான் சொன்ன பொய். உங்களிடம் ஒளிக்கவில்லை. ஸ்னேஹாவுக்கு நான் போனே செய்யவில்லை. அக்கா தலையை ஆட்டிக்கொண்டு, "நியாயம்தான்" என்று குழம்பைப் பிசைந்தாள். கண் கலங்கியிருந்தது. காரம் அதிகம் என்று தினேஷிடம் சொன்னாள். நீங்களே சொல்லுங்கள், இத்தனை வருஷம் நான் சுமந்ததை இரண்டு வாய் சோற்றுக்கு நடுவே அவள் இறக்கி வைத்துவிட்டுப் போனால் எப்படி?

போன மாதம் அக்காவுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. டாக்டர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் படுக்க வைத்தோம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். எங்கள் வீடுகளில் உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் கங்கா ஜலம் விட்டு, வலது காதில் ராம நாமம் சொல்ல வேண்டும். கடைசியாகக் காதில் விழுவது எதுவோ, அதோடுதான் போகிறோம் என்று அக்கா அடிக்கடி சொல்லுவாள். தன் அம்மாவுக்குத் தானே சொன்னதைப் பெருமையாகச் சொல்லுவாள். "எனக்கு நீ சொல்லணும், ருக்கு. மறந்துடாதே" என்பாள்.

ஸ்ரீஹர்ஷா, "அம்மா, நீயே சொல்லு. அத்தை உன் கையாலதானே இத்தனை நாள் சாப்பிட்டா" என்றான்.

உட்கார்ந்தேன். ஜலம் விட்டேன். தலையைக் கோதிவிட்டு, கேட்கிற காதுக்கு வாயைக் கொண்டுபோனேன்.

"அக்கா, அந்தக் குழம்புல மீன் இருந்தது. முதல் நாள்லேர்ந்தே. எறாவும் அரைச்சிருந்தான். நான்தான் எப்பவும் போல போடச் சொன்னேன். ஸ்னேஹாகிட்ட நான் சொல்லவே இல்லை" என்றேன்.

நிதானமாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவளுக்குப் புரிய வேண்டாமா?

அக்கா கண்ணைத் திறந்தாள். பல மணி நேரமாகத் திறக்காத கண். என்னைப் பார்த்தாள். வாய் ஏதோ கேட்க அசைந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் காதுப் பக்கமாகவே இறங்கிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. "நாமம் காதில் விழுந்ததும் கண்ணைத் திறந்தா பாருங்கோ, என்ன பாக்கியம்!" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

பழி தீர்த்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேருக்கு நடுவில் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்றுதான் சொன்னேன். என் பெண்ணுக்காகச் செய்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. நேற்று ஸ்னேஹா போன் செய்தாள். "அம்மா, அத்தை போயிட்டான்னு ஹர்ஷா சொன்னான். வர்ற ஞாயித்துக்கிழமை நானும் டென்சிலும் வரட்டுமா? இனிமே வேண்டாம்னு சொல்ல அங்கே யாரும் இல்லையேம்மா" என்றாள். குரல் குழந்தையாக இருந்தது. "இப்பத்தான் ஆத்தைக் கழுவி விட்டிருக்கு. யோசிச்சுச் சொல்றேன்டி" என்றேன்.

காலையிலிருந்து சமையலறை அலமாரியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கி ரொட்டிதான் செய்ய வேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும். மாவுகூட எடுத்து வைத்துவிட்டேன். எதில் போடுவது என்றுதான் தெரியவில்லை. அலமாரியில் இருப்பதெல்லாம் நாங்கள் சாப்பிடுகிற தட்டுகள்.