பனி மூடுவதற்குள்

சாமியம்மாள்: கச்சிராயபாளையம் தாண்டி இதோட இருவது மரம், மாமா. ரோடு முச்சூடும் புளியமரத்த வெட்டிச் சாச்சி வெச்சிருக்காங்க. பஸ்ஸு வராது. மலைக்கே திரும்பிப் பூடலாம், வா.

வெள்ளையன்: இடஒதுக்கீடு கேட்டு மறியல் பண்றாங்க புள்ள. ஒரு வாரம் இப்படித்தான் கெடக்கும். நடந்தே சின்னசேலம் போயிட்டா ஏதாவது ஒரு ரயிலு...

சாமியம்மாள்: ஒரு வாரம் கழிச்சிப் போனா பட்டாளம் எங்கியாவது ஓடியா பூடும்?

வெள்ளையன்: லீவு முடிஞ்சிடிச்சின்னு எத்தினி வாட்டி சொல்றது? குனிஞ்சி வா... கெளை இடிக்கும்.

சாமியம்மாள்: சரி. அந்தக் காஷ்மீர் பனியப் பத்தியாவது சொல்லிக்கினே வா. கால் வலி தெரியாது.

வெள்ளையன்: இன்னாத்த சொல்ல... ராத்திரி பெஞ்சா காலையில முட்டி ஆழம் கெடக்கும். புடைச்ச தவிடு மாதிரி. ஊதுனா பறக்கும்.

சாமியம்மாள்: அம்மாடி! அவ்ளோ லேசானதா ஆளக் கொல்லுது?

வெள்ளையன்: அடியில பழைய பனி கண்ணாடியாட்டம் இறுகிக் கெடக்கும். புதுசு அதுல ஒட்டாது. எண்ணெ ஜாஸ்தியான கல்லுல தோசை வழுக்குமே, அப்படி.

சாமியம்மாள்: தினம் தோசை சுட்டுப் போட்ட ஆளாட்டம்!

வெள்ளையன்: சிரி, சிரி. கால் வெச்சா அடியில 'வும்'முன்னு ஒரு மூச்சு வுடும். அப்பவே நின்னுடணும். வராதேன்னு மலை சொல்லுது.

சாமியம்மாள்: செங்குத்தா இருக்குமோ?

வெள்ளையன்: செங்குத்துல பனி தங்காது, அப்பப்ப உதிர்ந்துடும். நம்ம சாமைக்கொல்லைச் சரிவு இருக்கே... அதவிடக் கொஞ்சம் நிமிந்ததுதான் மோசம்.

சாமியம்மாள்: நான் களை பறிக்கிற சரிவா!

வெள்ளையன்: மேல கத்தியால கிழிச்சாப்ல ஒரு கோடு ஓடும். அப்புறம் சரிவு மொத்தமா எறங்கும். காத்து முன்னால வரும் புள்ள... பனி தொடறதுக்கு முன்னயே மரம் முறியும். கோமுகி அணை மதகு அத்தினியும் தொறந்தாலும் அந்தச் சத்தம் வராது. பயமாத்தான் இருக்கும்... ஆனா கண்ண எடுக்க முடியாது. சாமியே எறங்கி வர்றாப்ல.

சாமியம்மாள்: அப்ப எப்படித்தான் தாண்டுவீங்க மாமா?

வெள்ளையன்: இடுப்புல நீளமா செவப்புக் கயிறு கட்டிக்குவோம். ஆளு பொதைஞ்சாலும் கயிறு மேல கெடக்கும், அதப் புடிச்சித் தோண்டலாம். ஒருத்தன் அக்கரை சேந்தப்புறம்தான் அடுத்தவன் கால் வெக்கணும். ரெண்டு பாரம் தாங்காது.

சாமியம்மாள்: இதென்ன பழக்கம்? நம்ம காட்டுல யாரையாவது ஒண்டியா வுடுவமா? கரடிக்குப் பயந்து முதுக ஒட்டிக்கினுதான நடப்போம்.

வெள்ளையன்: ஆமா... ஒருத்தன் அப்படித்தான் நடந்தான்.

சாமியம்மாள்: யாரு?

வெள்ளையன்: எங்க பட்டாளக் கம்பெனில ஒருத்தன். போன மாசியில. முன்னால தனசேகரன் போய்க்கினு இருந்தான். மூங்கில்துறைப்பட்டுக்காரன், நம்ம தென்னாற்காடு ஜில்லா. பாதிச் சரிவுல பயந்து திரும்பிப் பாத்தான். பின்னால நின்னவனுக்கு மனசு கேக்கல... அவனும் சரிவுல எறங்கிட்டான்.

சாமியம்மாள்: ஒடைஞ்சிதா?

வெள்ளையன்: ஒடைஞ்சிது. பின்னால போனவன இடுப்பளவு பொதைச்சதோட வுட்டுடிச்சி. தனசேகரன் கயிறு அறுந்து துண்டுதான் கெடைச்சிது. கம்பியால குத்திக் குத்தி பதினோரு நாள் தேடுனோம்.

சாமியம்மாள்: அவனப் பெத்தவ?

வெள்ளையன்: சாலம்மாள்னு பேரு. 'ஒடம்பக் காட்டாம செத்துட்டான்னு சொல்லாதீங்க'ன்னு கடுதாசி போட்டிருக்கு. இத்தினி மாசம் வெயில்ல பழைய பனி உருகி, இப்பதான் தரை தெரியும். புதுசு வுழ இன்னும் பத்து நாளோ, பாஞ்சி நாளோ. வுழுந்துட்டா மறுபடியும் மூடிடும்.

சாமியம்மாள்: தேடுறதுக்கு அங்க வேற ஆளே இல்லியா?

வெள்ளையன்: அவன் எந்த எடத்துல பொதைஞ்சான்னு கிட்டக்க இருந்து பாத்தவன் ஒருத்தன்தான்... நான்தான் புள்ள. பின்னால நடந்தவன் நான்தான்.

சாமியம்மாள்: தெரியும் மாமா. தூக்கத்துல 'தனசேகரா'ன்னு பாயத் தோண்டுறியே. லீவுச் சீட்டயும் வாத்தியாரு படிச்சிச் சொல்லிட்டாரு, இன்னும் இருவது நாள் இருக்குதாமே. நீயா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் திரும்பலாம், திரும்பலாம்னு இழுத்துக்கினு வந்தேன். எட்டி நட... உன்ன ரயில் ஏத்தி வுட்டுட்டு நான் மலைக்குப் போவல. மூங்கில்துறைப்பட்டுக்குப் போறேன். புள்ளயக் கொண்டாந்து நீ சேக்குற மட்டும் சாலம்மா கூட இருக்குறேன்.