கழுவாத கண்ணாடி

மாலை ஐந்தே முக்கால். மூடிக் கிடந்த ஆலைக்குப் போகும் சாலை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை...

நடந்து போனவள் என் தோழியின் அண்ணி. பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுப்பாள். அங்கிருந்தே ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி வந்து, படம் பதியும் மருந்தைப் பூசி, அந்தப் படத்தை அதன்மேலேயே பதிப்பாள். கண்ணாடியைக் கழுவ மட்டும் மாட்டாள். மழைக்கறையும் துருவும் வரைந்து வைத்ததை அழிக்க அவளுக்கு மனம் வராது.

"ஊரே வேண்டாம்னு விட்டதெல்லாம் உன் கண்ணுக்குத்தான் அழகாத் தெரியுது," என்பார் கணவர். "நானும் கொஞ்சம் துருப்பிடிச்சா ஒரு படம் எடுப்ப போல."

"பிடிக்கட்டும், பார்க்கலாம்."

அன்று, ஆலையின் கடைசி அறையில் ஒரே ஒரு கண்ணாடிதான் உடையாமல் இருந்தது. அதன் தூசியில் அந்தி வெயில் பழுத்துக் கிடந்தது. வெளியே நின்று படம் எடுத்தாள். ஒன்றே ஒன்று. பிறகு கண்ணாடியைக் கழற்ற உள்ளே போனாள்.

டொக்.

கதவு சாத்திக்கொண்டது. உட்புறம் கைப்பிடி இல்லை. தட்டினாள். கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசையான பட்டியைக் கத்தியால் சுரண்டி, அதைப் பெயர்த்து, அந்த ஓட்டை வழியாக வெளியே விழுந்தாள். அவ்வளவு பயத்திலும் கண்ணாடியை விடவில்லை.

வீட்டின் இருட்டறை. சிவப்பு விளக்கு. மருந்துக்கு அடியில், அந்தக் கண்ணாடியில் படம் மெல்ல எழுந்தது. ஜன்னல்... கறை... கறைக்குப் பின்னால் ஒரு பெண். ஒரு கையில் கத்தி. மறு உள்ளங்கை கண்ணாடியில் அழுந்தியிருந்தது.

அவளேதான்.

ஆனால் அந்தப் படத்தை எடுத்தது, அவள் உள்ளே போவதற்கு முன்னால்.

திரும்பிக் கதவைத் தேடினாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்குச் சில்லென்று ஒரு வழவழப்பு. பட்டியின் எண்ணெய் வாடை. சிவப்பு விளக்கு இப்போது எங்கோ தூரத்தில், கறைக்கு அந்தப் பக்கம் எரிந்தது.

அங்கே கணவரின் குரல். "என்னம்மா, இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிருச்சு."

அது அவளுடைய குரல்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"கையில என்ன துணி?"

"இதைத் துடைக்கத்தான். ஒரே அழுக்கு."

"நீயா சொல்ற? மழைதான் வரப்போகுது."

அவள் தட்டினாள். கத்தினாள். அங்கே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கீச்... கீச்...

துணி ஒரு மூலையிலிருந்து தொடங்கியது. மழைக்கறை போயிற்று. துரு போயிற்று. அடுத்து, அவளுடைய விரல்கள்.