முழுக்கை ரவிக்கை

கப்பலில் முதன்முறை போகிறவர்கள் எலுமிச்சம்பழம் நிறைய எடுத்துக்கொண்டு போவது நல்லது. முகர்ந்துகொண்டே இருந்தால் குமட்டல் அடங்கும். நான் இருபது பழம் கொண்டுபோனேன். கூட வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எனக்கென்று எதையும் ஒளித்துவைக்கிற பழக்கம் எனக்கில்லை.

அது 1955, மாசி மாதம். சைகோனில் ஒரு கன்னியர் மடம், அந்த நாட்டின் வடக்கேயிருந்து ஓடிவந்த அகதிகளின் அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் போதவில்லை என்று எங்கள் பங்குச் சாமியாருக்குக் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஏழு பேரை அனுப்பப்போவதாக அவர் பூசையில் அறிவித்துப் பெயர்களைப் படித்தார். ஐந்தாவதாக என் பெயர். சொர்ணம்.

பன்னிரண்டு வயதில் நான் பள்ளியை விட்டேன். எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அதன் பிறகு ஐந்து வருடம், அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவதைத் தவிர, என் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. அன்று கோயிலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மை குத்திக்கொண்டால்தான் கப்பலில் இடம். முருகையன் என்கிற சுகாதார ஆபீஸ்காரர் கோயில் கூடத்துக்கு வந்து ஏழு பேருக்கும் குத்தினார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குத்திக்கொண்டு வந்த கையைப் பெண்கள் உடனே சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். காய்ச்சல் வரக்கூடாது என்பதற்காக. என் அம்மாவும் தேய்த்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் முருகையன் திரும்ப வந்து, கொப்புளம் எழும்பியிருந்தால்தான் அம்மை குத்தியதற்கான மஞ்சள் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். அம்மா தேய்த்ததில் மருந்து பிடிக்கவில்லை; ஆறாம் நாள் வரை என் கையில் ஒன்றுமில்லை. மறுபடி குத்திக்கொண்டு காத்திருந்தால் கப்பல் போய்விடும். சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடுகிற சேராங்கொட்டைப் பாலை ஊசி முனையில் தொட்டு, குத்திய இடத்தில் வைத்தேன். மறுநாளே பொங்கியது.

“உனக்குத்தாம்மா நல்லா எழும்பியிருக்குது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் முருகையன்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் மதலேனுக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டது. ஐந்து வயது. சுகாதார ஆபீசுக்குச் சொன்னால் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அந்த வீட்டுப் பெண் கப்பல் ஏற முடியாது.

“சொல்லிடலாம் சொர்ணம், எனக்குப் பயமா இருக்குது” என்றாள் அண்ணி.

“கப்பல் போனப்புறம் சொல்லலாம் அண்ணி.”

“நீதான புள்ளய மடியில வச்சிக்கினு இருக்க? உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?”

“எனக்குத்தான் குத்தியிருக்கே.”

அண்ணி என்னைக் கும்பிட்டாள். மதலேனைப் பின்கட்டு அறையில் வைத்து, கிளம்புகிற நாள் வரை நானே பார்த்துக்கொண்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு கண்தான் போயிற்று.

கரையிலிருந்து சலங்குப் படகில் போய்க் கப்பலேறினோம். ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. பிறகு இடது முழங்கைக்குக் கீழே மூன்று கொப்புளம். சின்ன வயதில் ஒருமுறை குத்தியிருந்ததால் அத்தோடு விட்டது. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

“ஏன்டி, இந்த வேக்காட்டுல மாதா சுரூபத்துக்குச் சாத்துன மாதிரி மூடிக்கினு இருக்கிற?” என்று கேட்டாள் அமலோற்பவம். குழுவில் வாயாடி அவள்தான்.

“கூச்சமா இருக்குதுக்கா.”

எல்லோரும் நம்பினார்கள். நான் கூச்சக்காரி என்பது பொய்யில்லை.

கப்பல் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் எங்கள் ஏழு பேரையும் தனியாக நிறுத்திவைத்துவிடுவார்கள். அங்கே பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்லவில்லை. சைகோன் துறைமுகத்தில் மஞ்சள் காகிதத்தை மட்டும் பார்த்தார்கள். காகிதம் சரியாக இருந்தது.

மடத்தில் எனக்குச் சின்னப் பிள்ளைகளின் கூடத்தைக் கொடுத்தார்கள். பத்தொன்பது பேர். யாருக்கும் அதுவரை அம்மை குத்தியிருக்கவில்லை. அவர்களைக் குளிப்பாட்டும்போது மட்டும் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொள்வேன். லான் என்று ஒரு பெண், நான்கு வயதிருக்கும். என் கையில் காய்ந்துகொண்டிருந்த பொருக்குகளை விரலால் தொட்டு எண்ணுவாள். மொத், ஹாய், பா. அவர்கள் பேச்சில் ஒன்று, இரண்டு, மூன்று. தினமும் எண்ணுவாள். ஒருநாள் மூன்றாவது பொருக்கு அவள் விரலோடு வந்துவிட்டது. பத்திரமாக என் உள்ளங்கையில் வைத்து மூடினாள், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்பதுபோல.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் லானுக்குக் காய்ச்சல். பிறகு மற்றவர்களுக்கு. எங்கள் குழுவை உடனே வேறு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். நான் மட்டும் மாட்டேன் என்றேன்.

“பயமில்லையா மகளே?” என்று கேட்டார் எங்கள் ஊர்க் கன்னியர் ஒருவர்.

“இல்லை மா சேர்” என்றேன். கன்னியரை எங்கள் ஊரில் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்று எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் சாமியார் பூசையில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சாவுக்கு அஞ்சாத பெண் என்றார். இப்போது பெரிய மார்க்கெட்டில் பூக்காரிகள்கூட எனக்கு வழிவிடுகிறார்கள். சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். அம்மாவிடம் கோபப்பட்டதைச் சொல்கிறேன். “அவ்வளவுதானா?” என்று சாமியார் கேட்பார். “அவ்வளவுதான் சாமி.”

கிணற்றடியில்கூட நான் கையைச் சுருட்டுவதில்லை. சுருட்டினால் ஈரமான ஒரு சின்ன விரல் வந்து தொடுகிறது. மொத், ஹாய். அதோடு நின்று, மூன்றாவதற்காகக் காத்திருக்கிறது. போன வாரம் மதலேன் கூடத்தில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். மொத், ஹாய், பா என்று எண்ணினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மிச்சமிருக்கிற ஒரு கண்ணால் என் கையைப் பார்த்தாள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மையை அந்தக் கூடத்துக்குக் கொண்டுபோனது நான். தெரிந்தேதான் கொண்டுபோனேன். பத்தொன்பதில் பதினான்கு பேர் செத்தார்கள், லான் முதலில். ஆனால் ஒருவர்கூடத் தனியாகச் சாகவில்லை. ஒவ்வொருவரையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் போகாமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி நேரத்தில் யார் இருந்திருப்பார்கள்?