வடித்த தண்ணீர்

வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு ராத்திரிச் சமையல் முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சமையல் நம்மைத் தின்ன ஆரம்பித்துவிடும். பூண்டை ஞாயிற்றுக்கிழமையே உரித்து டப்பாவில் போட்டு வைப்பேன். புளியைக் காலையில் ஊறவைத்துவிட்டுத்தான் வாசல்படி இறங்குவேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள், மேடம். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். நடந்ததெல்லாம் அடுப்படியில்தான்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறேன். கம்பெனி வேன் சாயங்காலம் ஆறரைக்கு இறக்கிவிடும். என் வீட்டுக்காரர் திருமால் பால் வண்டி ஓட்டுகிறார். நாற்பது லிட்டர் கேனை ஒற்றை ஆளாகத் தூக்கி ஏற்றுவார். மகள் காவியா பிளஸ் டூ. டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருவாள். எட்டு மணிக்கு எல்லோருக்கும் பசி. இவருக்குக் களி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

நாலாவது ஆள் இவருடைய தங்கை பூவிழி. முப்பத்திரண்டு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்ததும் புருஷன் வீட்டார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வருஷமாக எங்களோடுதான் இருந்தாள். செவ்வாய், வியாழன், சனி தருமபுரியில் டயாலிசிஸ். நல்ல பெண். ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அங்கே இருந்த நர்ஸ் வெண்மதி முதல் வாரமே என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். காயோ கீரையோ, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம். நமக்கு அது நல்லது. கிட்னி போனவர்களுக்கு உள்ளேயே தங்கிவிடும். "அந்தத் தண்ணிதாங்க அவங்களுக்கு எமன். நெஞ்சு பட்டுனு நின்னுடும்" என்றார். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம், திங்கட்கிழமை ரொம்ப கவனம் என்றும் சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

மூன்று வருஷம் நர்ஸ் சொன்னபடிதான் செய்தேன். அவளுக்குத் தனிச் சட்டி, தனிச் சோறு, உப்புக்குத் தனிக் கரண்டி. எங்கள் மூன்று பேருக்கும் வேறு. ராத்திரிக்கு இரண்டு சமையல், காலையில் இரண்டு சமையல். காலர் தைத்த தோள் இரண்டும் ராத்திரி படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். "உனக்கு எவ்வளவு கஷ்டம் சசி" என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பூவிழிக்கும் அந்தத் தனிச் சட்டி பிடிக்கவில்லை. எல்லோரும் களி உருண்டையைக் குழம்பில் தொட்டு விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். பாவமாகத்தான் இருக்கும்.

மாற்றியது ஒரு திங்கட்கிழமை, கார்த்திகை முதல் வாரம். அன்றைக்கு வேன் பஞ்சராகி, வீடு வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. ஒரே சமையலாக முடித்துவிடலாம் என்று தோன்றியது. கீரையை வேகவைத்தேன். அவர் கை கழுவிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே வடித்தேன். பச்சைப் பசேல் என்று ஒரு குண்டான் தண்ணீர். அவர் போனதும் அதே குண்டானை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினேன். தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்ததால் சீக்கிரம் கொதித்தது. நாலு பேருக்கும் ஒரே களி, ஒரே கீரை.

நர்ஸ் அவளுக்குக் களி வேண்டாம், ஆசைப்பட்டால் எப்போதாவது சின்ன உருண்டை என்றுதான் சொல்லியிருந்தார். நான் எங்கள் உருண்டை அளவுக்கே வைத்தேன். பூவிழி தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, இன்னிக்குத்தாங்க நானும் இந்த வூட்டு ஆளுன்னு நெனப்பு வந்துச்சு" என்றாள்.

கீரை வடித்ததுதான், பயப்படாமல் சாப்பிடு என்றேன். வடித்ததுதானே. அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை கீரை என்று வைத்துக்கொண்டேன், கீரைக்காரம்மா அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்கு வருவாள் என்பதால். வியாழக்கிழமையும் வருவாள், அதையும் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரை கிடைத்தால் அது, இல்லாவிட்டால் தண்டங்கீரை. மற்ற நாளில் உருளைக்கிழங்கு வடித்த தண்ணீரில் ரசம். காவியா பாடப் புத்தகத்தோடு அடுப்படி ஓரம் உட்கார்ந்திருப்பாள். களி முன்னைவிட ருசியாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்க முடிந்தது.

நாலாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. திருட்டுத்தனமாக இளநீர் குடித்தாயா, வாழைப்பழம் தின்றாயா என்று வெண்மதி பூவிழியைக் கேட்டிருக்கிறார். அவள், அண்ணி வடித்துத்தான் செய்கிறார்கள், நானே பார்த்தேன் என்று எனக்காகப் பேசியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "நான் ஒண்ணும் திங்கலீங்க அண்ணி. நீங்களாவது நம்புங்க" என்றாள். நம்புகிறேன் என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டேன். நான் அவளை முழுசாக நம்பினேன்.

ஆறாவது திங்கட்கிழமை முருங்கைக்கீரை. இன்னொரு உருண்டை கேட்டாள், வைத்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் டயாலிசிஸுக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள், கை கால் இழுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அவர் வண்டியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இந்த வியாதியில் இப்படி ஆவது உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எரித்தாகிவிட்டது.

எட்டாம் நாள் வெண்மதி துக்கம் கேட்க வந்தார். நான் படுத்திருந்ததால் காவியா சமைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளாகவே அடுப்படிக்குள் போயிருந்தாள். கீரையை வடித்து, அந்தத் தண்ணீரைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். வெண்மதி அதைப் பார்த்தார்.

"தண்ணிய கொட்டலியா பாப்பா?"

"எதுக்குங்க கொட்டணும்? அம்மா இதுலதாங்க களி கிண்டுவாங்க. அத்தைக்கும் இதுதான்."

வெண்மதி அடுப்பை அணைத்தார். உள்ளே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்ப ஆசைப்பட்டு நின்ற முகம் அது. ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், மேடம். தெரிந்துதான் செய்தேன் என்றேன்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அண்ணன் கிட்னி தங்கைக்குப் பொருந்தி, தை மாதம் ஆபரேஷன் என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கப்புறம் அவளும் உங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டிருப்பாளே, மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியவில்லையா என்று கேட்டீர்கள்.

பொருந்திவிட்டது என்று அவர் வந்து சொன்னது உண்மைதான். "எங்கிட்ட ரெண்டு இருக்குது சசி, ஒண்ணு போதும்" என்று சிரித்தார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை. வேன் பஞ்சரானது அதற்கு மறுநாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. களைப்புதான் காரணம், வேறு எதுவும் கிடையாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை அவர் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. காவியா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன், பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று இருந்தது. இளைத்தால் தேற்றிக்கொள்ளலாம். உடம்பில் ஒரு கீறல் இல்லை, மேடம். முழுசாக வந்தார், முழுசாகவே போனார்.