வெறுங்கட்டம்

“கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டு எங்கோழியெல்லாம் பட்டினி கெடக்குதுங்க, அம்மிணி.”

ராசிபுரம் பேருந்தில் முன்னிருக்கைப் பண்ணைக்காரர், பக்கத்திலிருந்த ஆராய்ச்சி மாணவியிடம் சொன்னார்.

“ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து பாதிதான்னு அது சொல்லுச்சு. கிளிஞ்சலை அள்ளித் தீவனத்துல கலந்தேன். ஒண்ணும் வாய் வெக்கல.”

அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“தப்பு நடந்துபோச்சுங்க. நாங்க எடுத்துட்டுப் போன ரத்தத்துல பாதிக் கோழிங்களோடது லேபுக்குப் போற வழியிலேயே கெட்டுருச்சு. அட்டவணையில அதுங்களோட கட்டங்களை வெறுமனே உட்டுட்டோம். கம்ப்யூட்டர் அதையெல்லாம் பூச்சியம்னு சேத்துச் சராசரி போட்டிருச்சு. தெரியாதுன்னு சொல்ல அதுக்குத் தெரியாதுங்க.”

“எங்க மச்சானாட்டந்தான்.”

அவள் சிரிக்கவில்லை. நிறுத்தம் வருமுன்பே எழுந்து நின்றாள்.

“பழைய தீவனத்தையே போடுங்க. நானும் வாரேன், மறுபடி ரத்தம் எடுக்கோணும்.”

“மொதல்ல அதுங்க திங்கட்டும், சாமி.”